பக்கம் திறந்த பேன்ட்

எங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் பனியன் கம்பெனியில்தான் பிழைப்பு. என் வீட்டுக்காரர் கட்டிங் மாஸ்டர், நான் ஓவர்லாக் டெய்லர், மகன் செக்கிங். இப்படிப்பட்ட வீட்டில் பிள்ளைக்கு உடுத்த ஒரு பேன்ட் இல்லாமல் அரசு மருத்துவமனையில் நான் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

பெருமாநல்லூர் ரோட்டில் மகனின் வண்டி சறுக்கியதில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் செய்து, தோலுக்கு வெளியே நீளமாக ஒரு கம்பி வைத்து, அதிலிருந்து எலும்புக்குள் திருகுகள் இறக்கியிருந்தார்கள். அந்தக் காலில் பேன்ட் ஏறாது. லுங்கிதான்.

ஆறாம் நாள் டாக்டர் வந்து, வாக்கரைப் பிடித்து எழுந்து நிற்கச் சொன்னார். அடிபட்ட காலை ஊன்ற வேண்டாம், ஆனால் எழுந்தே ஆக வேண்டும். இப்படியே படுத்துக் கிடந்தால் முழங்கால் இறுகிவிடும், அப்புறம் மடக்க வராது என்றார். "சரிங்க சார்" என்று தலையாட்டியவன், அவர் நகர்ந்ததும் போர்வையை இழுத்துக்கொண்டான்.

"எந்திரி சாமி."

"மாட்டேனுங்கம்மா. ரெண்டு கையும் வாக்கர்ல இருக்கும். லுங்கி அவுந்தா ஆரு புடிக்கறது? நீங்களா?"

வரிசையாகக் கட்டில் போட்ட வார்டு. நர்சிங் படிக்கும் பெண்கள் கூட்டமாக வந்து போவார்கள். இவனுக்கு வயது இருபத்திரண்டு. அவன் சொல்வதிலும் நியாயம் இருந்தது, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். பெல்ட் கட்டலாம் என்றேன், ஊக்குக் குத்தலாம் என்றேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

வீட்டுக்காரருக்கு ஃபோன் போட்டேன். அடிபட்ட காலுக்கு மட்டும் பக்கத்தையலை மேலிருந்து கீழ்வரை திறந்து, அங்கங்கே நாடா வைத்து ஒரு பேன்ட் தைத்து வாருங்கள் என்றேன். ஒரு மணி நேர வேலை. அதற்கு மனிதர் என்ன துணி, எத்தனை நாடா, எலாஸ்டிக்கா கயிறா, பாக்கெட் வேண்டுமா என்று உயிரை வாங்கினார். வெளிநாட்டுக்காரன் ஆர்டரா கொடுத்திருக்கிறேன்?

"ஒருக்கா வந்து அளவு பாத்துட்டுப் போங்க."

"பழைய ட்ராக் பேன்ட்டு ஊட்டுல இருக்குது. அத வெச்சு வெட்டிக்கறேன்."

மறுநாளே ஒரு பேன்ட் வந்தது. இரண்டு காலையும் திறந்து, இரண்டு பக்கமும் நாடா வைத்திருந்தார். "இதுக்கு லுங்கியே தேவல" என்றான் மகன். நல்ல காலை எதற்குத் திறந்தீர்கள், ஒரு கால் போதும் என்று திருப்பி அனுப்பினேன்.

எட்டாம் நாள் டாக்டர் என்னைத்தான் பிடித்தார். "ஏம்மா, பையன் நடக்கறதுல உங்களுக்கு அக்கறை இல்லையா?" என்று அத்தனை பேர் முன்னால் கேட்டார். ஒரு பேன்ட்டுக்காக என் பிள்ளை கால் விறைத்துப் போவானோ என்று பயந்துவிட்டேன்.

ஒன்பதாம் நாள் மத்தியானம், சாப்பாட்டுத் தூக்கோடு இரண்டாம் பேன்ட் வந்தது. வழக்கம்போல அவர் வார்டு வாசலிலேயே நின்று கொடுத்தார். கேட்டால், உள்ளே ஒருவரைத்தான் விடுவார்களாம். பார்வை நேரத்தில் ஊரே உள்ளே வந்து போகிறது, இவரை மட்டும் யார் தடுத்தார்கள்?

அங்கேயே பிரித்துப் பார்த்தேன். ஏழு நாடா, அளந்து வைத்தாற்போல் ஒரே இடைவெளி. திறந்திருந்தது வலது கால். மகனுக்கு முறிந்தது இடது கால்.

"ஏனுங்க, பெத்த புள்ளைக்கு எந்தக் காலு ஒடிஞ்சுதுன்னுகூடத் தெரியாமயா ஒம்பது நாளா சோறு கொண்டாறீங்க?"

வார்டே திரும்பிப் பார்த்தது. அவர் துணியைப் பார்த்தபடி நின்றார்.

"நான் பாக்கவே இல்ல. அன்னிக்கு ஸ்ட்ரெச்சர்ல போர்வைய வெலக்குனப்ப அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன். அப்பறம் தைரியம் வரல. உங்கிட்டக் கேக்கவும் முடியல. நாந்தான அவன வண்டிய எடுத்துட்டுப் போகச் சொன்னேன்."

திட்ட வந்தவள் பேன்ட்டை மடிக்க ஆரம்பித்தேன். கோபம் மட்டும் போகவில்லை.

"அதக் கொண்டாங்கம்மா" என்று உள்ளிருந்து மகன் கூப்பிட்டான். எல்லாம் கேட்டிருக்கும். கொடுத்தேன். செக்கிங் டேபிளில் செய்வதுபோல் கையை உள்ளே விட்டு ஒரே இழுப்பில் உள்பக்கத்தை வெளியே எடுத்தான். திறப்பு இடது பக்கம் வந்துவிட்டது. கட்டிங் மாஸ்டருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

"தையல் வெளிய தெரிஞ்சாத் தெரியுது. அப்பாவ வரச் சொல்லுங்க. நாடா அவருதான் கட்டோணும்."

வந்தார். தரையைப் பார்த்தே வந்தார். இடுப்பிலிருந்து ஒவ்வொரு நாடாவாகக் கட்டினார். கம்பி இருந்த இடத்தில் கை நின்றது. துணி அங்கே எட்டவில்லை.

"வலிக்குதா கண்ணு?"

"இல்லீங்கப்பா. பாத்துக் கட்டுங்க."

அந்த நாடாவை மட்டும் இழுக்காமல் லேசாக முடிச்சுப் போட்டார். மகன் வாக்கரைப் பிடித்து எழுந்தான். நான் இருபது எண்ணும் வரை நின்றான். அவர் அந்தக் காலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

உட்கார வைத்ததும் சட்டைப்பையிலிருந்து டேப்பை எடுத்தார். தொடை, முழங்கால், கம்பியோடு சேர்த்துக் கெண்டைக்கால் என்று நிதானமாக அளந்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். எல்லாவற்றுக்கும் மேலே, பெரிதாக, இடது என்று எழுதினார்.

முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.