பதினேழாவது கட்டம்

அந்த விண்ணப்பப் படிவத்தில் இருபத்து மூன்று கட்டங்கள் இருந்தன. நான்கு பக்கம், மஞ்சளும் வெள்ளையும் அல்லாத ஒரு தாள். பதினேழாவது கட்டம் மற்றவற்றைவிடப் பெரியது. விண்ணப்பிப்பவர் இந்தக் கிராமத்தில் வசிப்பவர், நன்னடத்தை உள்ளவர் என்று ஊரின் வரி வசூல் அதிகாரியான கிராம முன்சீப் சான்று அளிக்க வேண்டிய இடம் அது. கையெழுத்துக்கு மட்டும் ஒன்றரை அங்குலம் விட்டிருந்தார்கள். ஸ்கேல் வைத்து அளந்திருக்கிறேன்.

தஞ்சாவூர் கீழவாசலில், பதினெட்டுப் படி ஏறிப் போக வேண்டிய ஒரு மாடியில் எங்கள் அறக்கட்டளையின் அலுவலகம் இருந்தது. மலேயாவில் பொருள் சேர்த்துத் திரும்பிய ஒருவர் ஏற்படுத்தியது. ஆதிதிராவிட இளைஞர்கள் நூலகப் பயிற்சி பெறுவதற்கு ஆண்டுக்கு எட்டு இடம். கட்டணமும் தங்குமிடமும் அறக்கட்டளையின் பொறுப்பு. நான் எழுத்தர். சேர்ந்த ஆறு ஆண்டுகளில் ஒருமுறைகூட எட்டு இடமும் நிரம்பி நான் பார்த்ததில்லை. மூன்று பேர் தேறினால் அதிகம். "அவங்க படிக்க வர்றதில்லை" என்று அறங்காவலர்கள் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்வார்கள். நான் அதைக் குறிப்பேட்டில் எழுதுவேன். எனக்கு எல்லாவற்றிலும் சந்தேகம் உண்டு, ஆனால் அந்த வாக்கியத்தைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை. வந்தவர்களைப் பற்றித்தான் சந்தேகப்பட்டேன்.

இப்போது அறக்கட்டளை ஒரு நினைவு மலர் போடுகிறது. படிவம் எப்படி எளிமையானது என்று நான் எழுத வேண்டுமாம். ஒரு பக்கம் போதும் என்கிறார்கள். மலருக்கு அந்த ஒரு பக்கத்தை எழுதிக் கொடுத்துவிட்டேன். அதில் அடங்காதது இது.

அந்த ஆண்டு திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரே கிராமத்திலிருந்து ஒன்பது விண்ணப்பங்கள் வந்தன. ஒன்பதிலும் பதினேழாவது கட்டம் நிரம்பியிருந்தது. அதுதான் என்னை உறுத்தியது. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு ஆட்கள் அறுவடைக்கு இறங்காமல் நின்ற ஊர் அது. வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவந்து அறுக்கப் பார்த்து, வரப்பில் கைகலப்பு ஆகி, போலீஸ் வண்டி வந்து போயிருந்தது. கடைத்தெருவில் ஆளுங்கட்சியின் இருவண்ணக் கொடி பறந்தது, ஆட்களின் தெருமுனையில் சிவப்புக் கொடி. முன்சீப்புக்கு அங்கே சொந்தமாக நிலம் இருந்தது. சிவப்புக் கொடிக்குக் கீழே நின்ற வீடுகளின் பிள்ளைகளுக்கு அவர் நன்னடத்தை எழுதுவாரா? ஒருவருக்கு என்றால் நம்பலாம். ஒன்பது பேருக்கு?

ஒன்பது கையெழுத்தையும் சன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே சுழிப்பு. விசாரித்ததில், அந்த ஊர்க் கிளை நூலகத்து அம்மாதான் விண்ணப்பங்களை முன்சீப் வீட்டுக்கு எடுத்துப்போனார் என்றும், போகும்போதெல்லாம் கையில் ஏதோ பொட்டலம் இருந்தது என்றும் தெரிந்தது. செயலாளரிடம் சொல்லி அனுமதி வாங்கி, இரண்டு பஸ் மாறிப் போனேன்.

நூலகம் ஓர் ஓட்டு வீட்டின் முன்னறை. நான்கு அலமாரி, இரண்டு பெஞ்சு. நூலகரம்மாவுக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும். நாகப்பட்டினத்துக்காரர், கடற்கரைப் பேச்சின் வேகம் அவரிடம் இருந்தது.

"வாங்க சார். தஞ்சாவூர் ஆபீஸ்தானே? உட்கார்றதுக்கு முன்னாடி பெஞ்சை ஆட்டிப் பார்த்தீங்களே, அதுலயே தெரிஞ்சுது."

"முன்சீப் வீட்டுக்கு என்ன கொடுக்கறீங்க?" என்று நேராகக் கேட்டேன்.

"கதை கொடுக்கறேன்."

அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஐந்து பைண்டுப் புத்தகங்களை எடுத்து வைத்தார். வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து, காலிகோ துணி போட்டுத் தைத்தவை. ஒரே கதை, ஐந்து பாகம்.

"முன்சீப் சம்சாரத்துக்குக் கதைன்னா உயிர். வெளியில வந்து எடுக்க மாட்டாங்க, நான்தான் பேப்பர் சுத்திக் கொண்டுபோவேன். முதல் பாகம் சும்மா கொடுத்தேன். மத்த பாகத்துக்கு விண்ணப்பத்தை உள்ளே வச்சேன். ரெண்டாம் பாகத்துக்கு ரெண்டு கையெழுத்து, மூணாம் பாகத்துக்கு ரெண்டு, நாலுக்கு ரெண்டு, கடைசிக்கு மூணு. லைப்ரரிக் காகிதம்னு அந்தம்மா நீட்டுவாங்க, அவர் கிஸ்தி ரசீதோட சேர்த்துக் கையெழுத்துப் போட்டுடுவார். படிச்சுப் பார்க்கற வழக்கமில்லை."

ஒன்பது சரியாக வந்தது. கணக்குச் சரியாக வந்தால் எனக்குச் சந்தேகம் கூடும்.

"இப்படியா ஒருத்தர் கையெழுத்து வாங்கறது?"

"வேற எப்படி வாங்கறதுன்னு நீங்க சொல்லுங்க சார், நாளைலேருந்து அப்படியே வாங்கறேன். போன வருசம் இந்தப் பிள்ளைங்க அவர்கிட்டயே நேரா போச்சுங்க. தாளை வாங்கி மடிச்சு மாட்டுக் கொட்டகைக் கூரையில சொருகிட்டார். இன்னும் அங்கேதான் இருக்கும்." பிறகு சிரித்தார். "இதுல கூத்து என்னன்னா, கதை முடிவு பிடிக்கலைன்னு அந்தம்மா அஞ்சாம் பாகத்தை எறியாத குறையா திருப்பி அனுப்பிட்டாங்க."

அப்போது ஒரு பெண் புத்தகம் திருப்ப வந்தாள். காலில் சேறு காய்ந்திருந்தது, வாசலிலேயே நின்று புத்தகத்தை நீட்டினாள். "ஒன்பதுல ஒருத்தி" என்றார் நூலகரம்மா. "எஸ்.எஸ்.எல்.சி. முடிச்சு எட்டு வருசமா நடவுக்குப் போறா. உங்க வயசு வரம்பு இருபத்தஞ்சு. அடுத்த வருசம் இவளால போட முடியாது."

"நல்லாப் படிப்பியா?" என்று கேட்டேன்.

"படிக்காமலா சார் இதைத் திருப்பறேன்" என்றாள் அவள்.

திரும்பும் பஸ்ஸில் மைல்கல்களை எண்ணிக்கொண்டே வந்தேன். கதைப் புத்தகத்துக்கு ஒரு முன்சீப் கையெழுத்து விழுமா? பொட்டலத்தில் புத்தகம் மட்டும்தான் இருந்தது என்று யார் கண்டது? நூலகரம்மாவின் விடை அவ்வளவு தயாராக இருந்ததே. மன்னார்குடி வருவதற்குள் அவர் சொன்னதில் பாதியை நம்பாமலாகியிருந்தேன். அலுவலக விதி ஒன்று உண்டு. கையெழுத்தில் ஐயம் எழுந்தால் கையெழுத்திட்டவருக்கே எழுதி உறுதி செய்துகொள்ள வேண்டும். மறுநாள் முன்சீப்புக்குக் கடிதம் எழுதினேன். ஒன்பது பெயரையும் தெளிவாக, வரிசை எண் போட்டு எழுதினேன்.

பத்தாம் நாள் பதில் வந்தது. மேற்படி ஒன்பது பேரில் ஒருவருக்கும் தான் கையெழுத்திட்டதில்லை என்று இரண்டு வரி. கீழே அவருடைய கையெழுத்து. அதே சுழிப்பு. பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், ஒரு முடி வித்தியாசம் இல்லை. அவர் பொய் சொல்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. அவருக்குத் தெரியாமல் இருந்ததை நான்தான் வரிசை எண் போட்டுத் தெரிவித்தேன் என்பதும் தெரிந்தது. ஆனால் விதிப்படி, போட்டவரே இல்லை என்கிறார். சிவப்பு மையால் ஒன்பது பெயரையும் அடித்தேன்.

ஒரு மாதத்துக்குள் யாரோ மேலே எழுதிப்போட்டு நூலகரம்மாவை ஒரத்தநாட்டுப் பக்கம் மாற்றிவிட்டார்கள். புது இடத்தில் சேரப் போகுமுன் எங்கள் பதினெட்டுப் படியும் ஏறி வந்தார். நான் எழுந்து நின்றேன். அவர் உட்காரவில்லை.

"என்னை மாத்தினது பரவாயில்லை சார். எங்க போனாலும் அலமாரி இருக்கும். நான் சொன்னது பொய்னு தோணியிருந்தா என் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாம். அந்தப் பதினேழாவது கட்டத்தை எழுதினவரை மட்டும் ஒரு நாள் அந்த ஊர்ல குடியிருக்கச் சொல்லுங்க."

அவர் போன பிறகு, பழைய ஆண்டுகளில் தள்ளுபடியான விண்ணப்பக் கட்டுகளை இறக்கினேன். தூசி தட்டி ஒவ்வொன்றாகப் புரட்டினேன். மதிப்பெண் இருந்தது, பள்ளிச் சான்று இருந்தது, கட்டுக்குக் கட்டு பதினேழாவது கட்டம் மட்டும் வெள்ளையாகக் கிடந்தது. படிக்க வராதவர்கள் என்று குறிப்பேட்டில் நான் எழுதியவர்கள் எல்லாரும் அந்த அலமாரியில்தான் இருந்தார்கள். கட்டுகளைச் செயலாளர் மேசையில் கொண்டுபோய் அடுக்கினேன். அவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், நல்லவர். ஆனால் யாரும் எடுத்து வைத்தால்தான் பார்ப்பார். மூன்று கூட்டங்கள் ஆயின. இருபத்து மூன்று கட்டம் பதினொன்று ஆனது. முன்சீப் போனார், அவர் இடத்தில் விண்ணப்பதாரர் படித்த பள்ளியின் தலைமையாசிரியர் வந்தார். வயது வரம்பு இருபத்தேழு ஆனது. அதற்கு மட்டும் நான் கொடுத்த காரணம் பொய்.

அச்சு மை காயாத புதுப் படிவத்தை எடுத்துக்கொண்டு புரட்டாசியில் அந்த ஊருக்குப் போனேன். சம்பா நடவு. வாய்க்கால் கரையில் குடையோடு நின்ற என்னைப் பார்த்து நடவு வரிசையில் ஒரு கிழவி குரல் கொடுத்தாள்.

"யாரு, சர்க்கார் கணக்கா? எத்தனை முடி நாத்து நட்டிருக்கோம்னு எண்ணிட்டுப் போங்க சாமி, அங்க ஒரு முடி குறையுது."

வரிசை முழுக்கச் சிரித்தது. உண்மையில் நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். வரிசையில் பதினான்கு பேர்.

அந்தப் பெண் வரப்பேறி வந்து, வாய்க்காலில் கை கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு படிவத்தை வாங்கினாள். நின்றபடியே முழுவதும் படித்தாள். மகிழ்ச்சி எதுவும் முகத்தில் தெரியவில்லை.

"இதுல உங்களுக்குச் சந்தேகம் வந்தா யாருக்கு எழுதிக் கேப்பீங்க?"

"கையெழுத்துப் போட்டவருக்கு."

"எட்மாஸ்டருக்கா?"

"ஆமாம்."

"அவரு முன்சீப்போட மச்சான் சார்."

மூன்று கூட்டம், பதினொரு கட்டம். ஒருவருக்கும் இது தோன்றவில்லை. குடையை எந்தக் கையில் பிடிப்பது என்று தெரியாமல் நின்றேன்.

"அப்போ யார்கிட்ட வாங்குவீங்க?" என்று கேட்டேன். முன்பு அவளை ஒருமையில் பேசியது நினைவுக்கு வந்தது.

"லைப்ரரி வேலைக்குத்தானே படிப்பு. லைப்ரரி அம்மா போட்டா ஆகாதா? சந்தேகம் வந்தா என்னைக் கேளுங்க. நான்தானே போடறேன் விண்ணப்பம்."

வரப்பில் குந்தி, குடையை மடியில் சாய்த்துக்கொண்டு, 'தலைமையாசிரியர்' என்பதன் பக்கத்தில் 'அல்லது நூலகர்' என்று எழுதினேன். அடியில், 'ஐயம் எழுந்தால் விண்ணப்பதாரரிடமே முதலில் கேட்கப்படும்' என்று ஒரு வரி சேர்த்தேன். எனக்கு அந்த அதிகாரம் கிடையாது.

"கீழே உங்க பேரைப் போடுங்க" என்றாள் அவள். போட்டேன். படிவத்தை மடித்து இடுப்பில் செருகாமல், ஈரம் படாதபடி ஒரு தூக்குவாளிக்குள் வைத்து மூடிவிட்டு வயலில் இறங்கினாள்.

அடுத்த ஆண்டிலிருந்து அந்த இரண்டும் படிவத்திலேயே அச்சாயின. செயலாளர் எப்படிச் சம்மதித்தார் என்பது மலருக்கு எழுதிய பக்கத்தில் இருக்கிறது. இப்போது விண்ணப்பமெல்லாம் கணினியில் வருகிறதாம். ஐயம் வந்தால் யாரைக் கேட்கிறார்கள் என்று மலர்க்காரப் பையனிடம் கேட்டேன். அதெல்லாம் தானாகவே நிராகரித்துவிடும் என்றான்.

அந்தப் பெண்ணின் விண்ணப்பம் அந்த ஆண்டின் கடைசித் தேதிக்கு மூன்று நாள் முன்பு வந்தது. ஒன்பது பேரில் அவள் ஒருத்திதான் மறுபடி போட்டிருந்தாள். நூலகரம்மாவின் கையெழுத்து இருந்தது. நான் அதற்கு முன் அவர் கையெழுத்தைப் பார்த்ததில்லை. ஒரத்தநாடு எங்கே, அந்த ஊர் எங்கே? நடவு விட்டுவிட்டு இவள் எப்போது போய் வாங்கினாள்? பக்கத்து வீட்டில் யாரையாவது கையெழுத்துப் போடச் சொல்லியிருந்தால்? எவ்வளவு முயன்றும் என்னால் அப்படியே விட முடியவில்லை. நான் எழுதிக் கையெழுத்திட்ட வரியின்படி, அவளுக்கே ஒரு கார்டு எழுதினேன்.

பதில் உறையில் வந்தது. "நேரில் போய் வாங்கினேன். அம்மா சௌக்கியம். நீங்கள் கேட்பீர்கள் என்று சொல்லி, எடுத்து வைக்கச் சொன்னார்கள்." கூடவே நான்கு பஸ் டிக்கெட். திருத்துறைப்பூண்டியிலிருந்து மன்னார்குடி, மன்னார்குடியிலிருந்து ஒரத்தநாடு, அதே போலத் திரும்ப. கண்டக்டர் ஓட்டை போட்ட இடங்களைச் சன்னலில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சரியாக இருந்தது. பட்டியலில் மிச்சமிருந்த எட்டாவது இடத்தில் அவள் பெயரை எழுதினேன்.