மெழுகு வண்டியில் ஹால்வர்

நவம்பர் பதினெட்டு, செவ்வாய்க்கிழமை. அந்தப் பருவத்தின் முதல் பனிச்சறுக்குப் பந்தயத்துக்கு சறுக்குப் பலகைகள் வழுக்கி ஓட அடியில் மெழுகு பூசும் பட்டறையான எங்கள் அணியின் மெழுகு வண்டி புறப்படத் தயாராக நின்றது. ஹால்வரின் மனைவி சிசெல் அவர் பையை வண்டிப் படியில் வைத்தாள்.

"இந்தக் குளிர்காலத்துல யார் மேலயாவது கை வச்சேன்னு காதுல விழுந்தா வீட்டுப் பக்கம் வராத."

"நான் பலகைக்கு மெழுகு பூசுறவன், சிசெல். குத்துச்சண்டைக்கா போறேன்?"

"அப்ப அந்த ஆளுக்கு ரெண்டு பல்லு விழுந்தது மெழுகு பூசினதாலயா?"

ஹால்வர் பையை எடுத்துக்கொண்டு ஏறினார். இரண்டு வருடங்களுக்கு முன் வேறோர் அணியின் மெழுகுக்காரரை அடித்து வீழ்த்தியவர் அவர். இன்னொரு முறை நடந்தால் வேலை போய்விடும் என்று நிர்வாகம் எழுத்திலேயே கொடுத்திருந்தது.

அவருக்கு ஐம்பத்தொரு வயது. மரம் வெட்டும் குடும்பம். அப்பா விறகுக்கட்டையால் அடிப்பார். பதினாறு வயதில் ஹால்வர் அந்தக் கட்டையைப் பிடுங்கித் திருப்பி அடித்தார். வீட்டில் அன்றோடு அடி நின்றது. "திருப்பி அடிச்சாத்தான் நிக்கும்னு அன்னிக்குப் படிச்சேன். தப்பான பாடம்தான். ஆனா மறக்க மாட்டேங்குது" என்று வண்டி நார்வே எல்லையைத் தாண்டும்போது என்னிடம் சொன்னார்.

வண்டியில் நான் அவருடைய சோதனைத் துணை. ஆளுக்கொரு வகை மெழுகு பூசிய பலகையில் இருவரும் கைகோத்துச் சரிவில் இறங்குவோம். பாதியில் கையை விடுவோம். யார் பலகை முந்துகிறதோ அந்த மெழுகுதான் அன்றைக்கு.

டிவியில் பார்ப்பவர்களுக்கு, மேடேறி இறங்கும் இந்த நெடுந்தூரப் பனிச்சறுக்கு அமைதியான விளையாட்டு. ஒரே வளைவில் ஆறு பேர் நுழையும்போது விலாவில் இறங்கும் முழங்கையை டிவி காட்டாது. டிசம்பரில் யாரோ ஊன்றிய கோல்முனை எங்கள் வீரன் ஆமுண்டின் கெண்டைக்காலைக் கிழித்தது. ஜனவரியில் ஆமுண்ட் தள்ளிவிட்டதில் ஒருவனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. தோற்ற நாளெல்லாம் ஆமுண்ட் வண்டிக்கு வந்து கதவை உதைப்பான். ஒருமுறை சூடான காப்பியை ஹால்வரின் மார்பில் வீசினான்.

ஹால்வர் கைகளைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார். மெழுகைத் தேய்க்கும் தக்கை ஒன்று அதற்குள் இருக்கும். பிப்ரவரிக்குள் மூன்று தக்கைகள் பொடியாகிவிட்டன.

"தக்கையை என்ன பண்ற நீ?" என்று கேட்டேன்.

"ஆமுண்டோட கழுத்துன்னு நெனச்சுப்பேன்" என்றார்.

மார்ச்சில், சொந்த ஊர் மலையில் தொடரோட்டம். வெப்பநிலை சரியாகப் பூஜ்யம், ஈரப்பனி விழுந்துகொண்டிருந்தது. கடைசி நேரத்தில் ஹால்வர் மெழுகை மாற்றி, இஸ்திரிப்பெட்டியால் சுடச்சுட உருக்கிப் பூசினார். "பத்து நிமிஷம் வெளியில கிடத்திட்டுக் குடு" என்று பலகைகளை என்னிடம் நீட்டினார். சூடான பலகையில் பனி உருகி, உடனே உறைந்து, கட்டிகட்டியாக அப்பிக்கொள்ளும். இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூட இது தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் ஆமுண்ட் தன் முறைக்கு நின்றுகொண்டு கத்தினான். நான் நேராகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

முதல் ஏற்றத்திலேயே அவன் பாதங்களுக்குக் கீழே ஒரு சாண் பனி. குப்புற விழுந்தான். பின்னால் வந்தவன் அவன் கைமேல் ஏறிப்போனான். முதலிடத்தில் இருந்த எங்கள் அணி ஒன்பதாவதாக முடித்தது.

பந்தயம் முடிந்ததும் ஆமுண்ட் பலகையைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குள் வந்தான். மோவாய் கிழிந்திருந்தது. உள்ளே நானும் ஹால்வரும் மட்டும்.

"யாருடா இதைச் சூடா அனுப்பினது?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஹால்வர் சொன்னார்: "நான்தான்."

பலகையின் விளிம்பு அவர் காதில் இறங்கியது. கைகள் சட்டைப்பையிலேயே இருந்தன.

"கையை வெளிய எடுடா, கிழட்டு நாயே."

இரண்டாவது அடி தோளில். சட்டைக் காலர் சிவந்தது.

"போதும், ஆமுண்ட். போய்க் குளி."

அப்போதுதான் அவன் என்னைப் பார்த்தான். "நீட்டினது நீதானடி?"

என் மணிக்கட்டைப் பிடித்து, மெழுகு உருக்கும் இஸ்திரிப்பெட்டியின்மேல் உள்ளங்கையை அழுத்தினான். மெழுகும் தோலும் சேர்ந்து கருகும் வாடை வந்தது.

ஹால்வரின் கை வெளியே வந்தது. முதல் குத்திலேயே தாடை உடைந்த சத்தம் கேட்டது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அவன் மார்பில் முழங்காலை வைத்து இன்னும் நான்கு முறை குத்தினார். கடைசி இரண்டைத் தடுக்க ஆமுண்ட் கையைக்கூடத் தூக்கவில்லை. நான் ஒற்றைக் கையால் ஹால்வரின் தலைமுடியைப் பிடித்து இழுத்துத்தான் விலக்கினேன்.

விசாரணையில் அவர் சொன்னது இவ்வளவுதான்: "பலகையைக் கெடுத்தது நான். திட்டினான். அடிச்சேன்." என் பெயரை எடுக்கவே இல்லை. தாடையைக் கம்பியால் கட்டியிருந்ததால் ஆமுண்டால் பேச முடியவில்லை. விசாரணைக் குழுவின் கடிதம் மின்னஞ்சலில் எனக்கும் வந்தது. அப்போது நான் எல்லாவற்றையும் விட்டு ஓடிப்போய், கட்டுப்போட்ட கையோடு சிலி நாட்டின் தென்கோடியில் பேருந்து மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தேன். பதில் எழுதவில்லை. ஹால்வருக்கு வேலை போயிற்று. சிசெல் கதவைத் திறக்கவில்லை.

அக்டோபரில் ஊர் திரும்பினேன். மூன்றாம் நாள் சிசெலிடமிருந்து செய்தி வந்தது:

"நேத்து ஆமுண்ட் இங்க வந்தான். முதல்ல அடிச்சது தான்தானாம். உன் கையைச் சுட்டதும் தானாம். என்னால நம்ப முடியல. ஹால்வர்கிட்ட கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்குறான். நீ அங்க இருந்த. நிஜமா இல்லையான்னு ஒரு வரி எழுது."