பத்து வருட முகவரி

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. கடந்த பத்து ஆண்டுகளில் குடியிருந்த எல்லா முகவரிகளையும், ஒரு நாள்கூட இடைவெளி விடாமல் எழுதச் சொன்னது ஆஸ்திரேலிய விசாவுக்கான படிவம்.
2. நான் பிறந்ததிலிருந்து ஒரே வீட்டில் இருக்கிறேன். பிச்சாட்டூர் மண்டலத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஓர் ஊர்.
3. 2022 ஏப்ரலில் ஆந்திராவில் மாவட்டங்களைப் பிரித்தபோது எங்கள் ஊர் சித்தூர் மாவட்டத்திலிருந்து திருப்பதி மாவட்டத்துக்குப் போனது.
4. ஆகவே படிவத்தில் இரண்டு வரிகள் எழுதினேன். முதல் வரியில் சித்தூர் மாவட்டம், 2022 மார்ச் வரை. இரண்டாவது வரியில் திருப்பதி மாவட்டம், ஏப்ரல் முதல் இன்று வரை.
5. நான்கு மாதம் கழித்து விசா அலுவலகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது: நீங்கள் 2022இல் வீடு மாறியதாகச் சொல்கிறீர்கள். ஆனால் 2023ஆம் ஆண்டின் வங்கி ஆவணங்களிலும் சம்பளச் சீட்டுகளிலும் பழைய முகவரியே இருக்கிறது. இருபத்தெட்டு நாட்களுக்குள் விளக்கமும் ஆதாரமும் தேவை.
6. வீடு மாறியதாக நான் எங்கும் சொல்லவில்லை. படிவத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். சொல்லியிருக்கிறேன்.

ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில், ஏசி இயந்திரங்களுக்கு காயில் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மற்றவர்கள் எழுதும் பதிவேடுகளில் தப்பு கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். ஆய்வு நடந்த தேதியும் கையெழுத்துப் போட்ட தேதியும் ஒன்றாக இல்லையென்றால் சரக்கையே நிறுத்திவைப்பேன். அப்படிப்பட்ட நான், எழுதிய ஒவ்வொரு சொல்லும் உண்மையாக இருந்தும், மொத்தத்தில் பொய்யாகிப்போன ஒரு படிவத்தை அனுப்பியிருந்தேன். இதில் தப்பு எந்த இடத்தில் தொடங்குகிறது என்று ஒரு வாரம் யோசித்தும் விளங்கவில்லை.

இந்த விசா கிடைத்தால் அங்கேயே நிரந்தரமாகக் குடியிருக்கலாம். வயது, படிப்பு, ஆங்கிலம், வேலை அனுபவம் என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளிகள் உண்டு. முப்பத்து மூன்றாவது பிறந்த நாளுக்கு முன்பே அழைப்பு வந்துவிட வேண்டும். அந்த நாள் தாண்டினால் வயதுக்கான புள்ளியில் ஐந்து போய்விடும். எனக்கு அழைப்பு பிறந்த நாளுக்குப் பதினொரு நாள் முன்பு வந்தது. இப்போது அந்தப் பிறந்த நாளும் போய்விட்டது. இந்த விண்ணப்பம் தள்ளுபடியானால் மறுபடி வரிசையில் நிற்கலாம்தான், ஆனால் ஐந்து புள்ளி குறைந்த நிலையில் என் துறைக்கு அழைப்பு வருவதில்லை. எனக்கு இருப்பது இந்த ஒன்றுதான்.

புள்ளிக் கணக்கைச் சரிபார்க்க முன்பு ஒரு தடவை சென்னையில் ஒரு கன்சல்டன்டைக் கேட்டிருந்தேன். படிவத்தை நானே நிரப்பிக்கொள்கிறேன் என்று சொன்னதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம். இப்போது அவரையே அழைத்தேன்.

"ஒரே வீடுதானே மேடம்? அப்புறம் எதுக்கு ரெண்டு வரி போட்டீங்க?"

"மாவட்டம் மாறிச்சே சார்."

"மாவட்டம் மாறிச்சு. நீங்க மாறினீங்களா?"

"இல்ல."

"அவ்ளோதான். ஃபார்ம்ல யோசிக்கவே கூடாது மேடம். படிச்சவங்கதான் யோசிச்சு மாட்டிக்கிறாங்க."

"சரி சார். ஒரே வரின்னா அதுல எந்த மாவட்டத்தைப் போட்டிருக்கணும்?"

"பாஸ்போர்ட்ல என்ன இருக்கோ அதான்."

பாஸ்போர்ட்டில் சித்தூர் இருந்தது. ஆதாரில் திருப்பதி இருந்தது. அதைச் சொன்னதும் அவர் குரலைத் தாழ்த்தி, தப்பான தகவல் கொடுத்ததாக அவர்கள் முடிவு செய்தால் மூன்று வருடத்துக்கு விண்ணப்பிக்கவே முடியாது, பதிலைப் பார்த்து எழுதுங்கள் என்றார்.

அன்று சாயங்காலம் வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவர் வயலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"நாம எங்கமா போனோம்? தூங்கி எழுந்தோம், ஜில்லா போயிடுச்சி. அத்தப் புடிச்சிக் கேக்கச் சொல்லு."

அம்மாவுக்கு இது போதும். "ஒங்க ஊருதான் ஓடிப்போச்சி. எங்க பாலசமுத்திரம் இன்னிக்கும் சித்தூர்லதான் கீது."

"ஒங்க ஊர எவன் கேட்டான்? வேணாம்னு உட்டுட்டுப் போயிட்டான்."

அம்மா அவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஏண்டி, ஒரு வூட்ட ரெண்டு வூடுன்னு எழுதி வெச்சிகிறியே, அவன் வந்து இன்னொரு வூடு எங்கன்னு கேட்டா இன்னாத்த காட்டுவ? மாட்டுக் கொட்டாயவா?"

மறுநாள் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு எங்கள் ஊர் சச்சிவாலயத்துக்கு, அதாவது கிராமச் செயலகத்துக்குப் போனேன். சாதிச் சான்று, குடியிருப்புச் சான்று எல்லாம் இப்போது அங்கேதான். கணினி முன்னால் என் வயதுப் பெண் ஒருவர் இருந்தார். குடியிருப்புச் சான்று உடனே எடுத்துத் தருகிறேன் என்று தமிழும் தெலுங்குமாகச் சொன்னார்.

"ஆனா, திருப்பதி ஜில்லான்னுதான் வரும்க்கா."

"பழைய முகவரியும் புது முகவரியும் ஒரே வீடுதான்னு எழுதித் தர முடியாதா?"

"அதுக்கு ஃபார்மட் லேதுக்கா."

"சும்மா ஒரு பேப்பர்ல?"

"பேப்பர்ல எழுதினா அது என் பேச்சு. சிஸ்டம்ல வந்தாதான் கவர்ன்மென்ட் பேச்சு." அவர் சிரிக்காமல்தான் சொன்னார். பதிவேட்டில் இல்லாதது நடக்கவே இல்லை என்று நான் தொழிற்சாலையில் தினமும் சொல்லும் வாக்கியத்துக்கு இது அண்ணன் தம்பி மாதிரி இருந்தது. 2022க்கு முந்தைய காலத்துக்கு வேண்டுமென்றால் சித்தூர் போய்க் கேட்கச் சொன்னார்.

சித்தூருக்கு நைனாவும் வந்தார். நிலப் பட்டாவுக்காக அந்தக் காலத்தில் அலைந்த ஊர், எனக்கு எல்லா ஆபீஸும் தெரியும் என்றார். புத்தூரில் பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது பதினொரு மணி. அவருக்குத் தெரிந்த ஆபீஸ்களில் ஒன்றுகூடப் பழைய இடத்தில் இல்லை. விசாரித்து விசாரித்துக் கடைசியில் ஒரு வயதான எழுத்தர் முன்னால் நின்றோம். அவர் கணினியைத் திருப்பி எங்களுக்குக் காட்டினார். மாவட்டம் என்ற இடத்தில் சித்தூரைத் தொட்டதும் மண்டலங்களின் பெயர்கள் வரிசையாக இறங்கின. பங்காருபாளையம் இருந்தது, பாலசமுத்திரம் இருந்தது. எங்களுடையது இல்லை.

"மீ ஊரு இக்கட லேது பெத்தாயனா," என்றார் நைனாவிடம் தெலுங்கில்.

"அது எப்புடி சார் இல்லாம போவும்? நான் பொறந்ததுல இருந்து இங்கதான இருந்தது?"

நைனாவின் பேச்சைக் கேட்டதும் அவரும் தமிழுக்கு மாறினார். "இருந்தது, யாரு இல்லன்னது? கட்டிக் குடுத்தாச்சி. இனிமே மாமியார் வூட்லதான் போய்க் கேக்கணும்."

நைனா வாய்விட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் நிலைமை இதுதான். ஒரு அலுவலகத்தில் எனக்கு 2022க்கு முந்தைய வாழ்க்கை இல்லை. இன்னொன்றில் பிந்தையது இல்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்லக்கூடிய மேசை எங்கே இருக்கிறது என்று அந்த எழுத்தருக்கும் தெரியவில்லை. கிளம்பும்போது அவரே கூப்பிட்டு, மாவட்டங்களைப் பிரித்த அரசாணை இணையத்தில் கிடைக்கும், அதையும் நோட்டரி முன்னால் ஒரு பிரமாணப் பத்திரத்தையும் சேர்த்து அனுப்பிப் பார் என்றார். நான் போன இடங்களில் யாராவது எனக்குச் செய்வதற்கு ஒரு வேலை சொன்னது அதுதான் முதல் தடவை.

திரும்பும்போது பஸ்ஸில் நைனா தூங்கிவிட்டார். நான் அந்தப் படிவத்தை நிரப்பிய நாளை நினைத்துப் பார்த்தேன். ஏன் இரண்டு வரி எழுதினாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் துல்லியத்துக்காக என்று பதில் சொல்லிவந்தேன். அது முழு உண்மையா என்று தெரியவில்லை. எனக்கு முன்பே விண்ணப்பித்த தோழி ஒருத்தி தன் படிவத்தை மாதிரிக்கு அனுப்பியிருந்தாள். அதில் ஹைதராபாத், பெங்களூரு, புனே, மறுபடி பெங்களூரு என்று ஏழு வரிகள். என்னுடையதில் ஒரு வரி எழுதி முடித்ததும் கீழே அத்தனை வெற்றுக் கட்டங்கள். பள்ளிக்கும் கல்லூரிக்கும் வேலைக்கும் அந்த ஒரு வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய் வந்திருக்கிறேன். அந்த ஒற்றை வரியைப் பார்க்க எனக்கு என்னவோ போல இருந்தது. மாவட்டம் மாறியது ஞாபகம் வந்து இரண்டாவது வரியைச் சேர்த்தபோது ஒரு சின்ன நிம்மதி வந்ததும் நினைவிருக்கிறது. துல்லியம் முதலில் வந்ததா, அந்த நிம்மதி முதலில் வந்ததா? விளக்கக் கடிதத்தில் இதை எழுத வேண்டுமா? எழுதவில்லை. அவர்கள் கேட்டது அதுவல்ல என்று நினைக்கிறேன்.

நோட்டரியைத் திருப்பதியில் பார்த்தோம். நான் எழுதிக்கொண்டு போயிருந்ததை ஓர் அம்மா தட்டச்சு செய்து, நைனாவுக்குத் தெலுங்கில் படித்துக் காட்டினார்: என் மகள் கடந்த பத்து வருடங்களாக இந்த ஒரே வீட்டில் நிரந்தரமாக வசித்து வருகிறாள்.

"பத்து இன்னாத்துக்கு? முப்பத்து மூணுன்னு போடுமா," என்றார் நைனா.

"அவங்க கேட்டது பத்துதான் நைனா."

அவர் பேனாவை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "இங்கியே நிரந்தரமா கீறாள்னு நான் கையெழுத்து போட்டாதான், அங்க நிரந்தரமா இருக்க உடுவாங்களா?"

"ஆமா."

"இன்னா சட்டமோ," என்றபடி தன் பெயரைத் தெலுங்கில் நிதானமாக எழுதினார். வெளியே வந்து இரண்டு பேரும் டிபன் சாப்பிட்டோம்.

எனக்கு மட்டும் பிரமாணப் பத்திரம் போதாது என்று பட்டது. அது எங்கள் பேச்சுதானே. தொழிற்சாலையில் ஒட்டிய சீட்டு மாறியிருந்தாலும் பொருள் அதுதானா என்று பார்க்க, உள்ளே பொறித்த எண்ணைத்தான் பார்ப்போம். வீட்டுக்கு அப்படி என்ன எண் இருக்கிறது என்று தேடியதில் மின் இணைப்பின் சர்வீஸ் எண் கிடைத்தது. பத்து வருடத்தின் பில்களையும் எடுத்தேன். ஒரு மாதம்கூட விடாமல் அதே எண். ஒரே ஒரு சிக்கல்: 2023இல் பழைய மீட்டரைக் கழற்றிப் புதிது வைத்திருந்தார்கள். பில்லில் மீட்டர் எண் மட்டும் அங்கே மாறுகிறது. இதையும் ஒரு வரியில் விளக்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். யோசிக்கக் கூடாது என்று சொன்னவரை நினைத்து விட்டுவிட்டேன். விட்டது சரியா என்று இப்போதும் தெரியவில்லை.

இருபத்தாறாவது நாள் எல்லாவற்றையும் ஏற்றினேன். அரசாணை, குடியிருப்புச் சான்று, பிரமாணப் பத்திரம், பில்கள், ஒரு பக்க விளக்கம். இரண்டு வரிகளை ஒன்றாக்கித் திருத்தப் படிவமும் சேர்த்தேன். அந்த ஒரு வரியில் திருப்பதி மாவட்டம் என்று போட்டு, அடைப்புக்குள் முன்பு சித்தூர் என்று எழுதினேன்.

அது நடந்து ஐந்து மாதம் ஆகிறது. போன மாதம் மருத்துவப் பரிசோதனைக்குப் போகச் சொன்னார்கள், போய் வந்தேன். அது நல்ல அறிகுறி என்கிறாள் தோழி. எல்லாரையும்தான் அனுப்புவார்கள் என்கிறார் கன்சல்டன்ட். என் விண்ணப்பம் பரிசீலனையில் இருப்பதாக இணையதளம் சொல்கிறது. விளக்கத்தை ஏற்றார்களா இல்லையா என்று அவர்கள் சொல்லவில்லை. விசா வரவில்லை, மறுக்கவும் இல்லை. நான் வேலையை விடவில்லை.