ஹேவாஹெட்டவில் ஒரு பச்சை லேபல்

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குச் சற்று முன்னால் கெலிஓயா ஸ்டேஷனில் இறங்கினேன். கொழும்புக் கோட்டையிலிருந்து மூன்றாம் வகுப்பு. பொல்கஹவெல வரை நின்றுகொண்டு, அதற்குப் பிறகு உட்கார்ந்து. கொண்டுவந்தது ஒரு மாற்று உடுப்பும் ஒரு வெறும் காட்போட் பெட்டியும்தான். எதிரே இருந்தவர் பெட்டியைப் பார்த்து, "வியாபாரமா?" என்று கேட்டார். "இல்லீங்க, பழைய ரெக்கோட் வாங்கப் போறேன்" என்றேன். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை.

நான் தேடுவது சோல் பாட்டு. அமெரிக்கக் கறுப்பின மக்கள் தங்கள் தேவாலயத்தில் கடவுளைக் கூப்பிட்ட அதே குரலில் காதலையும் பிரிவையும் பாடியது. அறுபதுகளில் அங்கே சின்னச் சின்னக் கம்பனிகள் சில நூறு இசைத்தட்டுகளை மட்டும் அடித்து, விற்க முடியாமல் மூடிப் போயின. பாடியவர்கள் பலர் ஒரே ஒரு தட்டோடு வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். உள்ளங்கையை விரித்தால் அதைவிடக் கொஞ்சம் பெரிய, நடுவில் அகலத் துளையுள்ள அந்தச் சின்னத் தட்டுகளுக்காக ஊர் ஊராக அலைகிற ஆட்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் எனக்குத் தெரிந்து மூன்று பேர்.

ஒருவர் நியாஸ். கெலிஓயா கடைவீதியில் துணிக்கடை வைத்திருக்கிறார். கடைக்கு மேலே இருக்கும் அறையில் நல்ல பிளேயர் ஒன்றும் இரண்டு பெரிய ஸ்பீக்கர்களும். இன்னொருவர் ஜெகன். யாழ்ப்பாணத்துக்காரர், கண்டியில் ஒரு வங்கியில் அதிகாரி. மூன்றாவது நான். கொழும்பில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்ப்பவன். பிறந்தது ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில். ஆறு வருடங்களுக்கு முன் கண்டியில் ஒரு பழைய புத்தகக் கடையில் ஒரே தட்டுக்கு மூன்று பேரும் கை நீட்டினோம். அன்றிலிருந்து மாதத்தில் ஒரு முறை நியாஸின் அறையில் கூடுவோம். கிடைப்பது எதுவானாலும் மூவருக்கும் பொது. ஒரு பாட்டு முடிந்ததும் மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்குவோம். அதற்காகவே மாதம் முழுக்கக் காத்திருந்திருக்கிறேன்.

இந்த முறை துப்புக் கொண்டுவந்தவன் நான். என் சித்தி மகன் செல்வம் தோட்டங்களில் வயரிங் வேலை செய்கிறான். ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தோட்டத்தில், அதை நடத்தும் துரையின் பங்களாச் சாமான் அறையில் அலுமாரி நிறையத் தட்டுகளைப் பார்த்து, அவற்றில் இருந்த பெயர்களை ஒரு தாளில் எழுதி அனுப்பியிருந்தான். எப்போதோ அங்கே இருந்த, விருந்தும் நடனமுமாக வாழ்ந்த ஒரு துரை விட்டுப்போனவை. பதினேழாவது வரியில், நாங்கள் மூவரும் வருடக்கணக்கில் தேடிய ஒரு பாடகியின் பெயர் இருந்தது. அதை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் விலை கேட்டு யாராவது வருவார்கள்.

தாளைப் படித்த அன்றே ஜெகனுக்குப் போன் பண்ணினேன். பங்களாவுக்கு ஆங்கிலத்தில் பேசி நேரம் வாங்கியது அவர்தான்.

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு கெலிஓயாவிலிருந்து கண்டி பஸ். நியாஸுக்குச் சனிக்கிழமை கடையை விட்டு வர முடியாது. "கெதியா வந்திருங்க. நான் ஊசிய மாத்தி வெச்சிக்கிறேன்" என்றார். ஏழரைக்கு மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் ஜெகன் நின்றார். அயர்ன் பண்ணிய வெள்ளைச் சேர்ட், பளபளவென்று சப்பாத்து. ஹேவாஹெட்டவுக்கு டிக்கெட் பதினாறு ரூபாய். தூரம் முப்பது கிலோமீற்றருக்குச் சற்று மேல்தான்; ஆனால் பாதை வளைந்து வளைந்து ஏறுவதால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். அம்பிட்டிய தாண்டியதும் மரங்களுக்கிடையே கண்டி நகரம் கீழே போய்விடுகிறது. வழி நெடுக மிளகுக் கொடியும் கராம்பு மரமும். ஜெகன் சின்னப் பிள்ளை மாதிரி இருந்தார். "பதினேழாவது வரி உண்மையா இருந்தால், மச்சான், நாங்கள் மூண்டு பேரும் அழப்போறம்" என்று இரண்டு தரம் சொன்னார்.

தலாத்துஓயாவைத் தாண்டியதும் பஸ்ஸை நிறுத்தினார்கள். அது போர்க்காலம், கண்டிப் பக்கம் கெடுபிடி கூடியிருந்தது. எல்லோரும் இறங்கி வரிசையில் நின்று அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். ஜெகனின் அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்ததைப் பார்த்ததும் சிப்பாய் அவரைத் தனியே நிற்கச் சொன்னான். ஹேவாஹெட்டவில் என்ன வேலை, யாரைப் பார்க்க, ஏன் என்று சிங்களத்தில் கேள்விகள். ஜெகனுக்குச் சிங்களம் தட்டுத்தடுமாறித்தான் வரும். நெற்றி வியர்த்துவிட்டது. நான் சும்மா நின்றிருந்தால் பஸ் அவரை விட்டுவிட்டுப் போயிருக்கும். அவர் அன்றிரவு எங்கே இருந்திருப்பார் என்று சொல்ல முடியாது.

நான் வரிசையிலிருந்து விலகிப் போனேன். தோட்ட முகவரியுள்ள என் அட்டையை நீட்டி, எனக்குத் தண்ணீர் பட்ட பாடான சிங்களத்தில் சொன்னேன்: இவர் என் அக்கா புருஷன். பிறந்ததுதான் அங்கே. இருபது வருஷமாக எங்கள் தோட்டத்து ஆள். அம்மாவுக்குச் சுகமில்லை, பார்க்கப் போகிறோம். சிப்பாய் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அட்டையைத் திருப்பிக் கொடுத்தான். எனக்கு அக்கா கிடையாது. பஸ்ஸில் ஏறிய பிறகு ஜெகன் வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அது பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து மணிக்கு ஹேவாஹெட்ட. ஒரு கடையில் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டு, நாலு ரூபாய்க்குப் பிளேன்டீ குடித்தோம். அங்கிருந்து தேயிலைக்குள்ளே இரண்டு மைல் ஏற்றம். மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தி, "யாரு வீட்டுக்குங்க?" என்று என்னைத்தான் கேட்டாள். "பங்களாவுக்கு" என்றேன். அவள் சிரித்தாள். என் அம்மா இருபத்தெட்டு வருடங்கள் இப்படியொரு மலையில் கொழுந்து எடுத்தவர். ஆனால் எந்தப் பங்களாவின் படியிலும் அவர் கால் வைத்ததில்லை.

பதினொன்றரைக்குப் பங்களா. துரை நாற்பது வயதுக்குள் இருப்பார். அரைக் காற்சட்டை போட்டு விறாந்தையில் நின்றார். ஜெகனோடு கைகுலுக்கிக் கதிரையைக் காட்டினார். நான் அடுத்த படியில் கால் வைத்தபோது, என்னையும் என் கையிலிருந்த பெட்டியையும் பார்த்துவிட்டு, தோட்டத் தமிழில் சொன்னார்: "நீ பின்பக்கமா போ. சமையல்கட்டுல அப்பு தேத்தண்ணி குடுப்பான்."

நான் ஜெகனைப் பார்த்தேன். துரை ஆங்கிலத்தில் அவரிடம் கேட்டார், "உங்கள் ஆளா?"

ஜெகன் ஒரு கணம்தான் தயங்கினார். "யெஸ். பெட்டி தூக்க வந்தவர்."

நான் பின்பக்கம் போகவில்லை, படிக்குக் கீழே நின்றேன். ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று பிறகு என்னையே பல தடவை கேட்டிருக்கிறேன். பதில் ஒன்றுதான். சொன்னால் துரைக்குக் கோபம் வரும், தட்டு கிடைக்காது. அந்தத் தட்டு எனக்கு வேண்டும்.

தட்டுகளை விறாந்தை மேசையில் கொட்டினார்கள். ஜெகன் ஒவ்வொன்றாக எடுத்து, வேண்டியவற்றை வலப்பக்கமும் வேண்டாதவற்றை இடப்பக்கமும் வைத்தார். பாதிக்கு மேல் நடன வாத்தியக் குழுக்கள், இயேசு பிறப்பைப் பாடும் நத்தார்ப் பாட்டுகள். பிறகு அது வந்தது. பச்சை லேபல், மேலே தெரிந்த பக்கத்தில் பாதி கிழிந்து, பாடகியின் பெயரில் கடைசி நாலு எழுத்து மட்டும் மிச்சம். ஜெகனுக்கு அடையாளம் தெரியவில்லை. இடப்பக்கம் வைத்துவிட்டார். அடுத்ததை எடுத்தார். அதற்கு மேல் இன்னொன்றை வைத்தார்.

நான் இரண்டு படி ஏறினேன். என் வாயிலிருந்து வந்த சொல்லை இப்போதும் கேட்க முடிகிறது.

"ஐயா, அந்தப் பச்சையையும் எடுத்துக்குவோமா?"

ஆறு வருடத்தில் அவரை நான் ஐயா என்று கூப்பிட்டதே இல்லை. துரை திரும்பிப் பார்த்து, வாய்விட்டுச் சிரித்தார். "பாருங்கள், ஆளுக்குப் பச்சைதான் பிடித்திருக்கு. கொழுந்து எடுத்த பழக்கம்!"

ஜெகனும் சிரித்தார். மரியாதைக்குச் சிரித்த சிரிப்பு அல்ல, நன்றாகவே சிரித்தார். பிறகு தட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். மறுபக்க லேபலில் பெயர் முழுசாக இருந்தது. வலப்பக்கம் வைத்தார்.

முப்பத்தொரு தட்டு, ஆயிரத்து இருநூறு ரூபாய். பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு இரண்டு மைலும் நான்தான் இறங்கினேன். வழியில் ஒரு தரம் ஜெகன் "கொண்டாரும், நான் கொஞ்சத்தூரம் தூக்கிறன்" என்றார். "பரவாயில்லீங்க" என்றேன். திரும்பும் வழியில் சோதனை இருக்கவில்லை.

மாலை ஐந்தரைக்கு கெலிஓயா. நியாஸ் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு மாடிக்கு ஓடிவந்தார். ஒரு துணியில் சோப்புத் தண்ணீரைத் தொட்டுத் தட்டை வட்டமாகத் துடைத்து, காயவைத்து, ஊசியை இறக்கினார். முதலில் சுடுசட்டியில் எண்ணெய் தெறிப்பது போன்ற சத்தம். பிறகு ஓர்கன் வாத்தியம். பிறகு அந்தக் குரல். போகிறவனைப் போகாதே என்று கெஞ்சவில்லை. போ என்று சொல்லிக்கொண்டே கதவை மறித்து நிற்கிற குரல். இரண்டு நிமிடமும் நாற்பது விநாடியும். நியாஸின் கன்னத்தில் கண்ணீர் ஓடியது.

"அல்லாஹ்வே, இப்படியும் ஒரு ஆள் பாடி ஈக்கிதே!" என்றார். "எங்க கெடந்திச்சி? எப்படி எடுத்தீங்க? செல்லுங்களே!"

ஜெகன் சொல்லத் தொடங்கினார். துரையைப் போல் நடித்துக் காட்டினார். "உங்கள் ஆளா எண்டு கேக்கிறான் மச்சான், நான் என்ன செய்ய, ஓம் எண்டிட்டன்! இவரும் விடேல்லை, 'ஐயா, அந்தப் பச்சை' எண்டு..." அவருக்குச் சிரிப்பில் சொல்லி முடிக்க முடியவில்லை. நியாஸ் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"ஜெகன்," என்றேன், "இவர் என் நண்பர்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னால் அந்தாள் தந்திருப்பானோ? உமக்கும் தெரியும்தானே. தட்டுக்காகத்தானே செய்தனான்."

"சிரிச்சது?"

அவர் முகம் மாறியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காலமை நீர் எல்லாருக்கும் முன்னால என்னைத் தோட்டத்து ஆள் எண்டு சொன்னனீர். நான் வாய் திறந்தனானோ? பொறுத்துக்கொண்டுதானே இருந்தனான்?"

அறையில் தட்டு முடிந்து ஊசி கரகரத்துக்கொண்டிருந்தது. அவரைக் காப்பாற்றுவதற்காக நான் சொன்னதை, காலையிலிருந்து அவர் ஓர் அவமானமாகச் சுமந்துகொண்டு வந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது பயத்தினால் இல்லை. என் அக்கா புருஷனாக இருப்பது, இல்லாத அக்காவுக்குக் கூட, அவருக்குப் பொறுத்துக்கொள்ள வேண்டிய ஒன்று.

"ரெண்டு பேரும் சும்மா இருங்க" என்று நியாஸ் எழுந்து ஊசியைத் தூக்கினார். "ஒரு தட்டுக்கு இது என்ன கத?"

தட்டுக்காக இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அதுவும் உண்மையில்லை. படியில் நின்றபோது தட்டுக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். மிச்சமிருந்த முப்பதையும் அன்று யாரும் போட்டுக் கேட்கவில்லை. நியாஸின் மனைவி அனுப்பிய இடியப்பத்தை மூவரும் தலை நிமிராமல் சாப்பிட்டோம். கண்டிக்குப் பஸ் போய்விட்டதால் ஜெகனும் அங்கேயே தங்கினார்.

ஞாயிறு காலை ஏழே முக்காலுக்குக் கொழும்பு ரயில். பேராதனைச் சந்தி வரை ஜெகனும் அதில்தான் வர வேண்டும். அங்கே இறங்கிக் கண்டிக்கு மாறுவார். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். மகாவலி கலங்கி ஓடியது. மழையைப் பற்றி அவர் ஏதோ சொன்னார். நானும் ஏதோ சொன்னேன். சந்தி வந்ததும் எழுந்து, பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒன்றை என் மடியில் வைத்தார்.

"நியாஸிட்டையும் கேட்டனான். இது உம்மட்டையே இருக்கட்டும்."

உள்ளே என்ன என்று பிரிக்காமலே தெரிந்தது. வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். ரயில் நின்ற அந்த இரண்டு நிமிடமும் சொல்ல நேரம் இருந்தது. நான் சொல்லவில்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். "கவனமாப் போய்ச் சேரும்" என்றார். "சரிங்க" என்றேன். மேடையில் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது.

அதற்குப் பிறகு நியாஸின் அறையில் நாங்கள் மூவரும் கூடவில்லை. யாரும் வர வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு மாதம் எனக்கு வேலை, அடுத்த மாதம் அவருக்கு, அப்படியே நின்றுபோனது. இரண்டு வருடத்தில் ஜெகன் கனடாவுக்குப் போய்விட்டதாக நியாஸ் போனில் சொன்னார்.

கொழும்பில் என் வீடு இரண்டு அறை. பக்கத்தில் தகரக் கடை. ஆறு மணிக்கு மேல்தான் சத்தம் ஓயும். அப்போது சில நாள் அந்தத் தட்டைப் போடுவேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தப் பெண் அன்று பாடியது போலத்தான் இன்றும் பாடுகிறாள். முடிந்ததும் பக்கத்துக் கதிரைப் பக்கம் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுக்கிறேன். என் மனைவி அதில் தைக்கிற துணியைக் குவித்து வைத்திருக்கிறாள்.