உள்மடைக் கல்லில் ஏறிய தோணி

தோணி தரைதட்டியது என்று சொன்னால் என்னைக் கடற்கரைக்காரன் என்று நினைத்துவிடுவார்கள். எங்கள் பக்கம் கடலும் கிடையாது, ஆறென்று சொல்ல ஆறும் கிடையாது. மேற்கே மலை, கீழே கண்மாய்கள். நான் சொல்வது ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி வத்திராயிருப்பு போகிற ரோட்டோரத்துக் கண்மாய் ஒன்றில், எண்பதுகளின் கடைசியில், எங்களுக்கு நடந்தது.

எட்டாவதோடு நான் படிப்பை விட்டவன். வத்திராயிருப்பில் ஒரு வெல்டிங் பட்டறையில் வேலை. கேஸ் சிலிண்டரை மூடினேனா என்று வீட்டுக்குப் போகிற வழியில் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்து பார்க்கிற ஆள். மகாராஜபுரத்தில் கட்டிக்கொடுத்த என் அக்காவின் புருஷன் அந்தக் கண்மாயில் மீன் பிடிக்கிற உரிமையை, மீன்பாசி என்பார்கள், குத்தகைக்கு எடுத்திருந்தார். அவருக்குத் தோணி செய்துகொடுத்தது நான். தார் டிரம்களை வெட்டி விரித்து, அந்தத் தகட்டைப் பற்றவைத்து, அடி தட்டையாகப் பன்னிரண்டடி நீளத்தில் செய்தது. அத்தானுக்கு நீச்சல் தெரியாது. அதனால் கழை ஊன்றித் தள்ளுகிற வேலையும் என் தலையில் விழுந்தது. காலையில் தோணி, மதியத்துக்குமேல் பட்டறை.

கண்மாய்க்குள்ளே பழைய மடை ஒன்று உண்டு. அதன் பக்கத்தில் இடுப்பு உயரத்துக்கு, முகமும் தோளும் செதுக்கிய ஒரு கல். உள்மடைக் கருப்பன் என்பார்கள். கோடையில் அதற்கு எண்ணெய் தேய்த்து, மாலை போட்டு, சேவல் அறுப்பார்கள். தண்ணீர் பெருகினால் கல் முழுகிவிடும். அவன் தலைக்கு மேல் தோணி போகக்கூடாது என்பது கட்டு. அதற்காக, தண்ணீர் வந்ததும் கழை போடுகிறவன் கையை விட்டுக் கல்லின் தலையைத் தொட்டுப் பார்த்து, அதற்கு ஒரு கை தள்ளி மூங்கில் ஒன்றை நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிட வேண்டும். கரையில் நிற்கிறவன் கேட்பான். தொட்டேன் என்று இவன் வாயால் சொல்லவேண்டும். அப்புறம்தான் வலை இறங்கும்.

முதல் வருஷம் கணுக்கால் தண்ணீரில் நட்டேன். சிரமமில்லை. இரண்டாம் வருஷம் ஐப்பசி மழை ஒரே வாரத்தில் கொட்டித் தீர்த்துவிட்டது. நான் போனபோது கல் முழுகியிருந்தது. அத்தான் கரையில் நின்றார். நான் தனியாகத் தோணியில் மூங்கிலோடு போனேன். புதுத்தண்ணீர், டீத்தண்ணி நிறம். ஒரு இடத்தில் அடியில் கறுப்பாக என்னவோ தெரிந்த மாதிரி இருந்தது. குனிந்தேன். கையை முழங்கை வரைக்கும் விட்டேன். அதற்குமேல் கை போகமாட்டேன் என்றது. கீழே ஒரு முகம் மேலே பார்த்துக்கொண்டு நிற்கிறது, நான் விரலை நீட்டினால் அது கண்ணில் படும் என்று ஒரு நினைப்பு. கையை இழுத்துக்கொண்டேன்.

"தொட்டியாலே?" என்று கரையிலிருந்து அத்தான் குரல்.

"தொட்டேன் அத்தான்."

மூங்கிலை நட்டுவிட்டு வந்துவிட்டேன்.

தை மாதம் ஒரு காலை. காற்றே இல்லை. தண்ணீரில் மலை தலைகீழாக அசையாமல் கிடந்தது. அத்தான் முன்னால் உட்கார்ந்து வலையை விட்டுக்கொண்டிருந்தார். மூங்கில் கம்பு எங்களுக்குத் தெற்கே தெரிந்தது.

"கம்பைவிட்டு இன்னும் வெளிய போலே. அம்புட்டுக் கிட்டப் போகாத."

நான் இன்னும் வடக்கே தள்ளிப் போனேன். பத்து ஆள் கை விரித்த தூரம் இருக்கும். அங்கேதான் தோணி எதன்மேலோ ஏறியது.

முதலில் சத்தம். தகரத்தைக் கல்லில் இழுக்கிற சத்தம் பாதத்தின் வழியாக ஏறிப் பல்லில் வந்து நின்றது. தோணி முன்பக்கம் எழும்பி அப்படியே நின்றுவிட்டது. அத்தான் குப்புற விழுந்து வலையைப் பிடித்துக்கொண்டார். பின்னால் தள்ள நான் கழையை ஊன்றுவதற்குள் தோணி தானாகத் திரும்ப ஆரம்பித்தது. நடுவயிற்றில் ஒரு தலை முட்டுக்கொடுத்து நிற்க, அதன்மேல் தட்டுச் சுற்றுகிற மாதிரி மெள்ள ஒரு சுற்று. மலை போச்சு, கரை போச்சு, சிவப்புத் துணி போச்சு, மறுபடி மலை வந்தது. நான் கழையைத் தண்ணீரில் ஊன்றக்கூட இல்லை.

"நீயாலே திருப்புத?"

"நான் இல்ல அத்தான்."

அதற்குள் காலடியில் ஜில்லென்று தண்ணீர். ஒரு சாண் நீளத்துக்குத் தகடு கிழிந்திருந்தது. அத்தானின் துண்டையும் என் சட்டையையும் நான் அதில் திணித்து மிதித்துக்கொண்டு, கழையைப் பலம்கொண்டமட்டும் ஊன்றினேன். தோணி விடுபட்டது. அத்தான் மீன்சட்டியால் தண்ணீரை வாரி ஊற்றிக்கொண்டே வந்தார். கரையேறியபிறகு திரும்பிக் கம்பைப் பார்த்தார்.

"நம்ம கம்பைவிட்டு எம்புட்டுத் தூரம் தள்ளிப் போனோம். அவன் எடம் மாறி வந்துருக்கான்லே."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நான் தொடவில்லை, கம்பு தப்பான இடத்தில் நிற்கிறது, நாம் போனது கல்லின்மேல்தான் என்று. வாய் வரைக்கும் வந்தது. அவர் இன்னும் மீன்சட்டியைக் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டு நின்றார். என்னை அடிப்பார் என்ற பயம் இல்லை. தண்ணீருக்குப் பயந்த மனுஷனை நம்பவைத்து உட்காரவைத்துக் கூட்டிப்போனவன் நான். அந்த நம்பிக்கை போய்விட்டால் அக்கா முகத்தில் எப்படி முழிப்பது?

தோணியை மாட்டுவண்டியில் கவிழ்த்துப்போட்டுப் பட்டறைக்குக் கொண்டுவந்தோம். கிழிசலைச் சுற்றித் தகடு உள்பக்கமாகக் குழிந்திருந்தது. சுத்தியலால் தட்டி எடுக்கும்போது மடிப்புக்குள்ளிருந்து கட்டைவிரல் நுனி அளவில் ஒரு கல்துண்டு விழுந்தது. ஒரு பக்கம் புதிதாக உடைந்த வெள்ளை. மறுபக்கம் வழவழப்பான கறுப்பு. தேய்த்துப் பார்த்தேன். விரலில் பழைய எண்ணெய்ப் பிசுக்கு. முகர்ந்தேன். கோயில் கல்லின் வாடை.

அவனுடைய தோளோ மூக்கோ என் கையில் இருக்கிறது.

சாக்கடையில் போட முடியுமா? வீட்டில் வைத்தால் தூங்க முடியுமா? அத்தானிடம் காட்டினால் கேள்வி வரும். ஒரு மதியம் முழுக்க அதை டவுசர் பையில் போட்டுக்கொண்டு வேலை செய்தேன். தொடை சுட்டமாதிரி இருந்தது. கடைசியில் எனக்கு ஒரு வழி தோன்றியது. கிழிசலை ஒட்டுப்போட்டு மூட உள்ளே ஒரு தகடு, வெளியே ஒரு தகடு. இரண்டுக்கும் நடுவே அந்தத் துண்டை வைத்து, ஆடாதபடி அடித்து இறுக்கி, சுற்றிப் பற்றவைத்துவிட்டேன். அவனுடைய பொருள் அவன் கண்மாயிலேயே தினமும் அவனிடம் போய்வரட்டும் என்று கணக்கு. ஒரு பக்கம் சாக்பீஸ் மாவைப் பூசி, மறுபக்கம் மண்ணெண்ணெய் தடவி, கசிவு தெரிகிறதா என்று மூன்று தடவை பார்த்தேன். ஒரு புள்ளிகூட இல்லை.

தோணி திரும்பத் தண்ணீரில் இறங்கிய மூன்றாம் நாள், கம்புக்கு எதிரே வரும்போது, கீழேயிருந்து சத்தம் கேட்டது. டொக். செத்த நேரம் கழித்து இன்னொரு டொக். கதவைத் தட்டுகிறவன் உள்ளே ஆள் இருக்கிறதா என்று காது கொடுத்துவிட்டுத் தட்டுவானே, அப்படி.

அத்தான் வலையைக் கீழே வைத்துவிட்டார்.

"கேட்டியா?"

எனக்குத் தெரியும், உள்ளே வைத்த துண்டு தளர்ந்து ஆடுகிறது என்று. "அலை அத்தான்" என்றேன். கண்மாயில் அன்றைக்கு ஒரு சுருக்கம்கூட இல்லை.

மறுநாளும் அதே இடத்தில் தட்டியது. அதற்கடுத்த நாள் அத்தான் தோணியில் ஏறவில்லை. வெயில் ஏறுகிற வரைக்கும் கரையில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். மீன் எடுக்க வருகிற பாய் ஐஸ்பெட்டி கட்டின சைக்கிளை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "என்ன மாப்ளே, மீனு தானா ஏறி வந்து பெட்டியில படுத்துக்கிடும்னு ஒக்காந்துருக்கீகளா? நாரை வந்து மீனைப் பூரா முடிச்சிட்டுப் போயிரும். பொறவு நாரையத்தான் நான் ஏவாரம் பண்ணணும்." அத்தான் சிரிக்கவில்லை.

தண்ணீர் இருக்கிற வரைக்கும்தான் குத்தகை. வற்றினால் போச்சு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அவிய சேவல் நேர்ந்துட்டுக் கோழிக்குஞ்சைக் குடுத்தாகளாம் போன வருசம். அந்தக் குத்தம்தான்னு புலம்புதாக. இனிமே தண்ணிப் பக்கமே போகமாட்டேங்காக. கஞ்சிகூடச் சரியாக் குடிக்க மாட்டேங்காக. நீ செஞ்ச தோணிதானடா, ஒன்னுமில்லன்னு நீயே சொல்லேன்."

"சொல்லுதேன்க்கா" என்றேன். சொல்லவில்லை. அவர் செய்யாத குற்றத்தை அவர் சுமந்துகொண்டிருந்தார். நான் அதைப் பார்த்துக்கொண்டே பட்டறைக்குப் போய்வந்தேன். தனியாக நானே வலை விட்டேன். பாதி மீன்கூட வரவில்லை. நான் தனியாகப் போனபோதும் அந்த இடத்தில் தட்டியது.

பங்குனியில் தண்ணீர் இறங்கியது. ஒருநாள் காலை கல்லின் தலை வெளியே தெரிந்தது. கம்பிலிருந்து இருபதடி தெற்கே. அத்தான் அதையும் கம்பையும் மாறி மாறிப் பார்த்தார். அதற்குமேல் என்னால் முடியவில்லை. கரையிலேயே அவர் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கை விடாதது, தொட்டேன் என்று சொன்னது, கல்துண்டு, ஒட்டுக்குள் வைத்தது, எல்லாம். அடிக்கட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் அடிக்கவில்லை. "ரெண்டு மாசமா நான் கோழிக்குஞ்சை நெனச்சுக்கிட்டுச் சாகுதேன். ஒரு வார்த்தை சொல்ல ஒனக்கு வாய் வரலையாலே?" என்றார். பிறகு வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு, "வா, என்னத்த ஒடச்சன்னு பாப்போம்" என்று தண்ணீரில் இறங்கினார். தண்ணீருக்குப் பயந்த மனுஷன் எனக்கு முன்னால் போனார்.

கல்லை நாங்கள் கையால் தடவித்தடவிப் பார்த்தோம். தலை, மூக்கு, தோள், முதுகு. எங்கேயும் உடைவில்லை. கீறல்கூட இல்லை. பாசி நாலு பக்கமும் ஒரே சீராகப் பிடித்திருந்தது.

அத்தான் நிமிர்ந்து கம்பைப் பார்த்தார். "நம்ம கம்புக்கு அந்தப் பக்கம்லா போனோம். வடக்க. கல்லு தெக்க இருக்கு. அப்ப நம்ம எதுலலே ஏறுனோம்?"

கம்புக்கு வடக்கே நடந்து பார்த்தோம். நடுமுதுகில் வெயில் அடித்தது. ஒரு கல் இல்லை, கட்டை இல்லை. தண்ணீருக்கடியில் கால் வைத்தால் முழங்கால் வரைக்கும் போகிற வெறும் சேறு. அங்கே நிற்க எனக்குப் பிடிக்கவில்லை. அத்தானுக்கும்தான்.

அன்றைக்கே தோணியைப் பட்டறைக்குக் கொண்டுபோய் அந்த ஒட்டுத் தகட்டை அறுத்தேன். அத்தான் பக்கத்தில் நின்றார். துண்டு நான் வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தது. இரண்டு தகட்டுக்கும் நடுவே அப்படி இறுகியிருந்தது. ஸ்குரூ டிரைவரை விட்டு நெம்பித்தான் எடுக்க முடிந்தது. அது ஆடவே இல்லை. ஆடியிருக்கவே முடியாது.

அத்தான் அதைத் தன் துண்டில் முடிந்துகொண்டார். மறுநாள் சேவலோடு போய்க் கல்லின் காலடியில் புதைத்துவிட்டு வந்தார். திரும்பி வரும்போது கொஞ்சம் லேசாகத்தான் இருந்தார். குற்றம் தன்னுடையது இல்லை என்று தெரிந்ததே அவருக்குப் போதும் போல. "அடுத்த வருசம் நான் தோணியில ஏறணும்னா, நீ தொடணும். நான் பாக்கத் தொடணும்" என்றார். சரி என்றேன்.

அடுத்த ஐப்பசி. தண்ணீர் இந்தத் தடவை மெள்ளத்தான் வந்தது. கணுக்காலில் இருக்கும்போதே நட்டுவிடலாம் என்றேன். அத்தான் ஒப்பவில்லை. முழுகட்டும், முழுகினபிறகு தொடு என்றார். அது எனக்கான தண்டனை என்று புரிந்தது.

அன்றைக்கு அவரும் தோணியில் வந்தார். இரண்டு கையாலும் தோணி விளிம்பைப் பிடித்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தார். அக்கா கரையில் நின்றாள். கல் இருக்கிற இடத்தில் தோணியை நிறுத்தினேன். அதே டீத்தண்ணி நிறம். சட்டையைக் கழற்றி, குப்புறப் படுத்து, கையை முழங்கைக்குக் கொஞ்சம் மேலே வரைக்கும் விட்டேன். விரல் தலையில் பட்டது. குளிர்ந்த, பாசி வழுக்குகிற, உருண்டையான தலை. வெறும் கல். அழுகை வந்துவிட்டது எனக்கு. இதற்கா பயந்தேன் என்று அப்படியே கையை அதன் தோளுக்கு இறக்கினேன்.

இடது தோளில் என் கட்டைவிரல் ஒரு பள்ளத்துக்குள் போய் உட்கார்ந்தது. கட்டைவிரல் நுனி அளவு. விளிம்பு கூராக, இப்போதுதான் உடைந்ததுபோல இருந்தது.

"தொட்டியாலே?"

அத்தானின் கை விளிம்பிலிருந்து எழுந்து வலையின் மேல் போய் நின்றது. என் பதிலுக்காகக் காத்திருந்தார்.

"தொட்டேன் அத்தான்."

கையை எடுத்தேன். மூங்கிலை நட்டேன். அவர் வலையை விட ஆரம்பித்தார். அதற்கப்புறம் ஆறு வருஷம், தொண்ணூறுகளின் பாதி வரைக்கும், குத்தகை கைமாறுகிற வரைக்கும் அவர் அந்தத் தோணியில் பயமில்லாமல் வந்தார். தோணி ஒருநாளும் தட்டவில்லை. ஒவ்வொரு ஐப்பசியும் நான்தான் தொட்டேன். தலையை மட்டும். தோளுக்குக் கையை இறக்கியதில்லை.