முற்றத்து இலைகள்

"இவ காலிலை சில்லுப் பூட்டின ஆள்" என்பார் என் கணவர், எங்கள் நோர்பரி வீட்டுக்கு யார் வந்தாலும். சொல்வதில் பொய் இல்லை, சக்கரம் பூட்டிய கால்தான். பதினெட்டு வருடம் விடிய நான்கு மணிக்கு எழும்பி, லண்டன் அலுவலகங்களைக் கூட்டித் துடைக்கும் ஷிப்டுக்கு ஓடியவள் நான். ஐம்பது வயதில், கேட்டவர்கள் சிரிக்கச் சிரிக்க, மாலை வகுப்பில் ஓவியம் படிக்கச் சேர்ந்தேன். அந்தப் படிப்புக்காக ஆறு கிழமை, ஒன்றரை மாதம், இத்தாலிக்குப் போகவேண்டி வந்தது. ஒரு சின்ன ஊருக்கு மேலே, மலைச்சரிவில், சில நூறு வருடப் பழைய மாளிகையில் தங்கலும் வகுப்பும்.

அழகான இடந்தான். என்னால்தான் இருக்க முடியவில்லை. நான்கு மணிக்குக் கண் முழித்துவிடும். காலைச் சாப்பாடு எட்டரைக்கு. இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு மணித்தியாலம் உட்கார்ந்திருப்பார்கள். மேசைக்குக் கீழே என் கால் ஆடிக்கொண்டே இருக்கும். ஒரு கிழமைதான் தாங்கினேன். கணவருக்கு போன் எடுத்தேன்.

"ஏலாதப்பா. வாற சனிக்கிழமைக்கு டிக்கெட் போடுங்கோ."

"ஏன், என்ன நடந்தது?"

"ஒண்டும் நடக்கேல்லை. அதுதான் பிரச்சினை."

டிக்கெட் போட்டார். போகிறவளுக்கு வகுப்பு எதற்கு என்று, திங்கள் முதல் ஊருக்கு இறங்குவதும் ஏறுவதுமாகத் திரிந்தேன். வியாழன் விடிய முற்றத்துக்கு வந்தால், கல் முழுக்க உதிர்ந்த இலை. கதவுக்குப் பின்னால் விளக்குமாறு. வேறென்ன செய்வேன்? ஒன்று மிச்சமில்லாமல் கூட்டி மூலையில் குவித்துவிட்டு, அந்த வீட்டில் முதல் தடவையாகப் பசித்துச் சாப்பிட்டேன்.

பத்து மணிக்கு வகுப்பு படப்பலகைகளோடு வந்தது. கிழக்கு லண்டனிலிருந்து படிக்க வந்திருந்த தமிழ்ப் பிள்ளை ஒருத்தி, முன்னால் வந்தவள் அப்படியே நின்றாள்.

"அன்ரி, இலையெல்லாம் எங்கை?"

"கூட்டிப்போட்டன் பிள்ளை."

"ஐயோ அன்ரி! மண்டேயில இருந்து அதைத்தானே ட்ரோ பண்ணுறம்!"

ஆசிரியை என்னை ஏறிட்டுப் பார்த்தார். "போவதற்கு முன் திருப்பிப் போட்டுவிட்டுப் போங்கள்" என்றார், சிரிக்காமல்.

தங்கள் படங்களைப் பார்த்து எல்லோரும் இலையை அடுக்கத் தொடங்கினார்கள். ஒருவர் படம்போல் மற்றவர் படம் இல்லை, சண்டைதான் வந்தது. இலை அள்ளிய வாளியை நான் வாங்கினேன். காலையில் கூட்டியபோது பார்த்தது அப்படியே நினைவில் இருந்தது: கிணற்றடியில் கும்பலாகக் கிடந்தன. படியோரம் ஈரத்தில் ஒட்டியிருந்ததை நகத்தால் அல்லவா கிளப்பினேன். தூணுக்குப் பின்னால் மூன்றே மூன்று, அதில் ஒன்று குப்புற. கொட்டக் கொட்ட, பின்னால் "ஓம், ஓம் அன்ரி, அப்பிடித்தான்" என்று கேட்டது.

கொட்டி முடித்து உட்கார்ந்ததும், ஆசிரியை ஒரு பலகையை என் மடியில் வைத்தார்.

மத்தியானம் கணவர் போன் எடுத்தார். "சனிக்கிழமை எத்தினை மணிக்கு எயார்போட்டுக்கு வர?"

"வராதேங்கோ. படத்திலை படிக்கட்டு மட்டும்தான் கீறினனான். அதுக்குள்ளை இன்னும் நாலு இலை விழுந்திட்டுது."

"அப்ப, சில்லுக் கழண்டுபோச்சோ?"

குனிந்து பார்த்தேன். பலகைக்குக் கீழே கால் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

"இல்லையப்பா" என்றேன். "போனை வையுங்கோ, வெளிச்சம் மாறுது."