செவ்வாய்க்கிழமைகளில் மூன்று நர்ஸ்

பரிசோதனைக்குப் போகிறவருக்குக் கிடைக்கிற மரியாதையெல்லாம் அவர் சீக்கிரம் கிளம்பட்டும் என்பதற்காகத்தான். கையில் படிவத்தோடு நாலு வாசல் ஏறி இறங்கியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகும் காரைக்காலில் படிவங்கள் பிரெஞ்சிலேயே தங்கிவிட்டன. கான்வெண்டில் படித்த எனக்குப் பிரெஞ்சு தெரியும். பிரசவ அறைக்குள் போய்ப் பார்க்கச் சர்க்காருக்கு ஒரு பெண்ணும் வேண்டியிருந்தது. அரசலாற்றுப் பக்கம் உள்ள ஒரு தனியார் நர்ஸிங் ஹோமைச் செவ்வாய்க்கிழமைதோறும் பார்த்துவிட்டு, மூன்று மாதத்தில் அறிக்கை தர வேண்டும். வேலை கிடைத்தபோது எனக்கு நாலாம் மாதம். மூத்தவளைத் தூங்கவைத்துவிட்டு இதை எழுதும்போது ஏழாம் மாதம். அவள் பிறந்தது கோட்டுச்சேரியில், அம்மா வீட்டில். இரத்தம் நிற்காமல் நான் பிழைத்ததே பெரிய பாடு. அதனால் இரண்டாவது பிரசவம் அந்த நர்ஸிங் ஹோமில்தான் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. ஆகவே படிவத்திலிருந்த கேள்விகளை நான் சர்க்காருக்காக மட்டும் கேட்கவில்லை.

விரிப்பு

முதல் செவ்வாய்க்கிழமை. பத்துக் கட்டில், பத்திலும் சலவை மடிப்புக் கலையாத வெள்ளை விரிப்பு. 'படுக்கை வசதி: நன்று' என்று எழுதிக்கொண்டேன். எழுதி முடித்த பிறகுதான் ஒரு கட்டிலிலும் ஆளில்லை என்பது உறைத்தது. பெற்றவர்கள் அத்தனை பேரும் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

பட்டினச்சேரியிலிருந்து வந்திருந்த ஒரு பெண், பெற்று இரண்டு நாள் ஆனவள், என்னைப் பார்த்துக் கேட்டாள்: "நீங்க எப்பம்மா கிளம்புவீங்க? இடுப்பு விட்டுப்போச்சு, செத்த படுக்கணும்."

மூன்று பேர்

வேலைப் பட்டியலில் பகலுக்கு மூன்று நர்ஸ். கீழே ஒருத்தியைப் பார்த்தேன், பெயர் பிலோமினா என்றாள். மாடிக்குப் போனேன். அங்கே இன்னொருத்தி முதுகைக் காட்டிக்கொண்டு மருந்துக் குப்பிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். பிரசவ அறையில் மூன்றாமவள், வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டிருந்தாள். மூன்று பேருக்கும் இடது தோளில் ஒரே இடத்தில் அயோடின் கறை. மூன்றாமவளுக்கு மேல்மூச்சு வேறு வாங்கியது.

நான் அந்தக் கறையையே பார்ப்பதைக் கண்டதும் துணியை அவிழ்த்துவிட்டாள். "பின்பக்கம் ஒரு படிக்கட்டு இருக்கும்மா," என்றாள் பிலோமினா. "மூணு பேரு வேலையை ஒருத்தியா பாக்குறேன். பேரை மட்டும் மூணா எழுதினா என்ன தப்பு?"

பின்வாசல்

'தீ விபத்து நேர்ந்தால் வெளியேற இரண்டாவது வழி உண்டா?' என்று ஒரு கேள்வி. உண்டு. ஆனால் அந்தக் கதவுக்குக் குறுக்கே பெஞ்சைப் போட்டு, தாழ்ப்பாளைக் கயிற்றால் ஏழெட்டு முடிச்சுப் போட்டு இறுக்கியிருந்தது. கட்டியவர், மருமகளைச் சேர்த்திருந்த ஒரு முஸ்லிம் அம்மாள். பின்பக்கக் கிணற்றுக்குத் தண்ணீர் எடுக்க ஆண்கள் வருகிறார்கள், கதவுக்குத் திரை போட்டுத் தரச் சொல்லி மூன்று நாளாகியும் யாரும் காதில் வாங்கவில்லையாம்.

நெருப்புப் பிடித்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "நெருப்பு எப்பவாச்சும் வர்றது, தங்கச்சி. ஆம்பளைங்க தெனம் வர்றாங்க."

வீட்டுக்குப் போனவர்கள்

நடத்துகிற டாக்டரம்மா, தம்முடைய இல்லத்தில் இதுவரை ஒரு சாவுகூட இல்லை என்று சொல்லிப் பதிவேட்டை என் முன்னால் வைத்தார். நானும் புரட்டினேன். 'மரணம்' என்ற கட்டம் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை காலி. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பக்கத்துக் கட்டம் 'வீடு திரும்பியோர்'. அதில் நாலு பெயருக்கு எதிரே மட்டும் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி.

துணி மடித்துக்கொண்டிருந்த ஆயாவிடம் அது என்ன என்று கேட்டேன். தலை நிமிராமலே சொன்னாள்: "அவுங்கள்லாம் வண்டியில படுத்தமேனிக்குப் போனவுங்கம்மா. வெளியில உசிரு போனா வூட்டுக்குள்ள எடுக்க மாட்டாங்கல்ல, அதான் மூச்சு இருக்கையிலயே ஏத்தி வுட்டுர்றது."

மூத்தவள் பிறந்த அன்று, அரை மயக்கத்தில், வாசலில் யாரோ மாட்டுவண்டி கட்டச் சொன்னது என் காதில் விழுந்தது. ஆஸ்பத்திரிக்கு என்றுதான் இதுநாள்வரை நினைத்திருந்தேன். பிறந்தகத்தில் உயிர் போவதைவிடப் புகுந்த வீட்டில் போகட்டும் என்று கட்டச் சொன்னார்களோ என்று இப்போது தோன்றுகிறது. அம்மாவிடம் கேட்கவில்லை. கேட்கப் போவதுமில்லை.

அறிக்கை

மரணம் என்ற கட்டத்தில் 'நான்கு' என்று எழுதினேன். பகலில் ஒரே நர்ஸ், பின்வாசல் அடைப்பு, ஆபத்தானால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் வழக்கம் இல்லை என்பதையும் எழுதினேன். அலுவலகத்துப் பெரிய குமாஸ்தா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார். நான்கை அடித்துவிட்டுச் சுழி போடச் சொன்னார். நான் போடவில்லை.

"செத்தது அவங்கவங்க வீட்டுல, மதாம்," என்றார். "இந்தப் படிவத்துல வீட்டுக்குக் கட்டமே கிடையாது."

கடைசிச் செவ்வாய்

அறிக்கை எந்த மேஜையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. வீட்டில் இதைச் சொன்னேன். "மறுபடி கோட்டுச்சேரிக்கா போறே?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். அங்கேயும் போக முடியாது, இங்கேயும் பயம்.

செவ்வாய்க்கிழமைச் சோதனைக்கு இனி வேறொரு பெண் வருவாள். நான் கடைசி முறை போனபோது பிலோமினாவிடம் மட்டும் நேராகவே கேட்டேன், எனக்கு இரத்தம் நிற்காவிட்டால் வண்டியில் ஏற்றிவிடுவீர்களா என்று. அவள் என் வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். "நான் இருந்தா பெரியாஸ்பத்திரிக்குத்தான் ஏத்துவேன், கூடவே வருவேன்," என்றாள். "நீங்க லீவுல இருந்தா?" என்று கேட்டேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வலி எடுத்தா சோதனைக்கு வர்ற நாளாப் பாத்து வாங்கம்மா. அன்னைக்கு டாக்டரம்மா எனக்கு லீவே தர மாட்டாங்க, மூணு பேரும் இருப்போம்."

செவ்வாய்க்கிழமை பிள்ளை பிறக்கக் கூடாது என்று என் மாமியார் நேர்ந்துகொண்டிருக்கிறார், செவ்வாய்க்கிழமைதான் பிறக்க வேண்டும் என்று நானும் அதே சாமியிடம் நேர்ந்துகொண்டிருக்கிறேன்.